பம்பைத் தொடும் முன் ஹோஸைப் பாருங்கள்

சோமனூரில் வண்டி நின்றால் தறியும் நிற்கும். பாவு நூலுக்குக் கஞ்சி போடும் சைசிங்கிலிருந்து பாவு பீம் வந்து இறங்க வேண்டிய நேரத்தில் இறங்காவிட்டால், பாவு தீர்ந்த தறி சும்மா கிடக்கும். கூலிக்கு நெய்கிறவருக்கு மீட்டர் கணக்கில்தான் காசு. ஓடாத தறிக்கு யாரும் கூலி தருவதில்லை. வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் நிற்காமல் ஓடும். இந்தக் கணக்கு எங்கள் பக்கம் லோடு வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் மனப்பாடம். அதனால்தான் கருமத்தம்பட்டி, சாமளாபுரம், மங்கலம், பல்லடம் என்று பீமும் காடா துணியும் ஏற்றிக்கொண்டு அலைகிற டாடா ஏஸ் குட்டியானைக்காரர்கள் ஷெட்டுக்குள் நுழையும்போதே தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு நுழைகிறார்கள். "பம்பு போயிருச்சுங்கண்ணா. புதுசா ஒண்ணு போட்டு உட்டுருங்க."

பம்பு போயிருக்கலாம். போகாமலும் இருக்கலாம். டேங்க் மூடியில் தொடங்கி எஞ்சின் வாய் வரை எரிபொருள் போகிற பாதையில் பம்பு நடுவில் உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள்தான். முன்னால் இருப்பவன் கொடுத்தால்தான் அது வாங்கும்; பின்னால் இருப்பவன் வாங்கினால்தான் அது கொடுக்கும். பம்பைக் கழற்றி மாட்டுவதைப் புதிதாக வரும் பையனுக்குச் சீக்கிரம் சொல்லிக்கொடுத்துவிடலாம். அதன் இரண்டு பக்கமும் வருகிற ஹோஸ்களைப் படிக்கவும், பிசகில்லாமல் கோக்கவும் பழகுவதற்குத்தான் காலம் பிடிக்கும். இத்தனை காலம் இந்த வேலையைப் பார்த்ததில் நான் உறுதியாக நம்புவது இதைத்தான்: பம்பு வேலை என்பது முக்கால்வாசி ஹோஸ் வேலை.

ஸ்பேனருக்கு முன் கேள்வி

ஸ்பேனரை எடுக்கும் முன் டிரைவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய உண்டு. எப்போது நிற்கிறது? லோடு ஏற்றி மேடு ஏறும்போதா, காலி வண்டியாக வரும்போதுமா? காலையில் முதல் செல்ப்பிலேயே பிடிக்கிறதா, இல்லை ரொம்ப நேரம் அடிக்க வேண்டியிருக்கிறதா? நின்ற பிறகு எவ்வளவு நேரம் கழித்து எடுக்கிறது? அப்போது டேங்கில் எவ்வளவு இருந்தது?

ஒவ்வொரு பதிலும் ஒரு இடத்தைக் காட்டும். ராத்திரி முழுக்க நின்ற வண்டி காலையில் மட்டும் தகராறு செய்து, ஒருமுறை எடுத்துவிட்டால் நாள் முழுக்க நன்றாக ஓடினால், லைனில் நிற்க வேண்டிய எரிபொருள் திரும்ப டேங்குக்கே இறங்கிவிடுகிறது என்று அர்த்தம். பம்புக்குள் இருக்கும் ஒருவழி வால்வு தேய்ந்திருக்கலாம். எங்கேயோ ஒரு ஜாயின்ட் காற்றை உள்ளே விட்டுக்கொண்டும் இருக்கலாம். காலியாக ஓடும்போது ஒன்றும் தெரியாமல், பீம் ஏற்றியதும் புல்லிங் போய்விட்டால், தேவைப்படும் அளவு வந்து சேரவில்லை. பில்டர் அடைத்திருக்கலாம், ஹோஸ் உள்பக்கம் உப்பி வழியைக் குறுக்கியிருக்கலாம், பம்பும் சோர்ந்திருக்கலாம். அரைமணி நேரம் ஓடி நின்று, கொஞ்சம் ஆற விட்டால் தானாக எடுக்கிற வண்டியில் நான் முதலில் கை வைப்பது டேங்க் மூடியில்.

இந்த மூடி விஷயம் எங்கள் ஊரில் தனியாகச் சொல்ல வேண்டியது. டேங்கிலிருந்து எரிபொருள் போகப் போக அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும். அதற்காகப் பழைய வண்டிகளின் மூடியிலேயே ஒரு பொடித் துளையும் வால்வும் வைத்திருப்பார்கள். தறி ஷெட்டுகளைச் சுற்றிப் பறக்கிற பஞ்சு எங்கும் படியும். கொஞ்சம் டீசல் கசிவும் ரோட்டுப் புழுதியும் சேர்ந்தால் அது அடையாகக் கெட்டிப்பட்டு அந்தத் துளையை மூடிவிடும். காற்று வராத டேங்கிலிருந்து எந்தப் பம்பாலும் இழுக்க முடியாது. வண்டி நின்ற நிலையில் மூடியைத் திறந்ததும் உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுக்கிற சத்தம் கேட்டால், நோய் கிடைத்துவிட்டது. மூடியைக் கழுவிக் காற்றடித்தாலே சரியாகிவிடும். செலவே இல்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் புதுப் பம்பு போட்டால், அதுவும் அதே அரைமணியில் நிற்கும்.

டேங்குக்குள் எலக்ட்ரிக் பம்பு உள்ள பெட்ரோல் வண்டியில் சாவியைப் போட்டதும் காதைக் கொடுக்க வேண்டும். ஏறக்குறைய இரண்டு நொடிக்கு 'ம்ம்' என்று பம்பு ஓடி நிற்கும். சத்தமே இல்லையென்றால் உடனே பம்பைக் குறை சொல்லக் கூடாது. பியூஸ், ரிலே, எர்த் மூன்றையும் பார்த்துவிட்டு, பம்பு சாக்கெட்டில் வோல்ட் மீட்டரை வைக்க வேண்டும். பம்பு ஓடும்போது அங்கே வருகிற வோல்ட்டுக்கும் பேட்டரி வோல்ட்டுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வயரிலோ எர்த்திலோ வோல்ட் வீணாகிறது. பச்சை பூத்த ஒரு எர்த் போல்ட்டைச் சுரண்டி முறுக்கியதும் செத்ததாகச் சொன்ன பம்பு உயிரோடு எழுவதை ஷெட்டில் அடிக்கடி பார்க்கலாம்.

கடைசியாக பிரஷர் கேஜ். பெரும்பாலான எம்.பி.எஃப்.ஐ. (பெட்ரோல் இன்ஜெக்‌ஷன்) வண்டிகளில் பெட்ரோல் பிரஷர் 3 பாரை ஒட்டி இருக்கும். சரியான அளவு அந்தந்த வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கிறது. பிரஷரோடு ஓட்டத்தின் அளவையும் பார்க்க வேண்டும். முள் சரியாகக் காட்டும்; ஆனால் வருகிற பெட்ரோல் லோடுக்குப் போதாமல் இருக்கும். இத்தனையும் தாண்டியும் பம்பின் மேல்தான் குற்றம் என்றால் அப்போது மாற்றலாம். அப்படி மாற்றுகிற பம்பு திரும்பி வராது.

பம்பு இடம்மாறிய கதை

ஒரு காலத்தில் எங்கள் ஊரில் ஊடை நூல் மூட்டையும் கோனும் சுமந்த மொபெட்டுக்குப் பம்பே கிடையாது. 1980-ல் ஓசூரில் இருந்து வந்த டி.வி.எஸ். 50-யில் டேங்க் மேலே, கார்புரேட்டர் கீழே. பெட்ரோல் தன் எடையால் இறங்கியது. டேங்க் பின்னால் தாழ்வாகவும் கார்புரேட்டர் மேலேயும் இருக்கிற கார், வேன்களுக்குத்தான் பம்பு தேவைப்பட்டது. 1984-ல் வந்து 2019 வரை தயாரான மாருதி ஆம்னியின் கார்புரேட்டர் மாடல்களில் எஞ்சினோடு ஒட்டிய டயாபிரம் பம்புதான். கேம் ஷாஃப்டில் உள்ள மேடு ஒரு நெம்புகோலை ஆட்டும். அது டயாபிரத்தைக் கீழே இழுத்து பெட்ரோலை உறிஞ்சும். மேலே தள்ளுவது எஞ்சின் இல்லை, அடியிலிருக்கும் ஸ்பிரிங். கார்புரேட்டர் நிரம்பிவிட்டால் டயாபிரம் அப்படியே கீழே நின்றுகொள்ளும். நெம்புகோல் மட்டும் சும்மா ஆடும். கால் பாருக்குப் பக்கத்திலான பிரஷரில், எந்த ஒயரும் இல்லாமல், வேண்டிய நேரத்தில் மட்டும் வேலை செய்த அந்தச் சின்னப் பொருளைப் பிரித்துப் பார்த்த யாரும் அதை மதிக்காமல் இருக்க முடியாது.

டீசல் பக்கம் 1951-ல் தொடங்கிய பெங்களூர் மைக்கோ கம்பெனி. 2008-ல் அது பாஷ் என்று பெயர் மாறியும் எங்கள் வாயில் இன்னும் 'மைக்கோ பம்பு'தான். 2005-ல் டாடா ஏஸ் வந்தபோது, 702 சிசி, இரண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறன் கொண்ட அந்தச் சின்ன டீசல் எஞ்சின் விசைத்தறி ஊர்களின் சந்துகளுக்கென்றே அளவெடுத்தது போல இருந்தது. லாரி திரும்ப முடியாத இடத்திலும் போய்ப் பீமை இறக்கிவிட்டு வரும். குட்டியானை என்று தமிழ்நாடே பெயர் வைத்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்ததும் எல்லாம் மாறியது. ஏஸிலேயே பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் மாடல் வந்தது, டி.வி.எஸ். எக்ஸ்.எல். மொபெட்டும் இன்ஜெக்‌ஷனுக்குப் போய் எலக்ட்ரிக் பம்பு வாங்கிக்கொண்டது.

இன்ஜெக்‌ஷனுக்கு மாறும்போது பெட்ரோல் பம்பு எஞ்சினை விட்டு டேங்குக்குள் போனதற்குக் காரணம் இருக்கிறது. எந்தப் பம்புக்கும் தள்ளுவது சுலபம், இழுப்பது கஷ்டம். கோடை வெயிலில் எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்தில் பெட்ரோலை இழுத்தால் அது லைனிலேயே ஆவியாகி வழியை அடைத்துக்கொள்ளும். டேங்குக்குள்ளேயே உட்கார்ந்து தள்ளினால் அந்தத் தொல்லை போய்விடும். பெட்ரோலே அந்த மோட்டாரின் நடுவாகப் பாய்ந்து அதைக் குளிர்விக்கவும் செய்யும். எப்போதும் ரிசர்விலேயே வண்டி ஓட்டுகிறவர்களிடம் கால் டேங்காவது வைத்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான். நூறு ரூபாய்க்கு அடித்து நூறு ரூபாய்க்கு ஓட்டினால் பம்பு சூட்டில் வேகும். டேங்கின் அடிக்கசடும் ஜல்லடைக்கு வந்து சேரும்.

இழுக்கும் பக்கம், தள்ளும் பக்கம்

இழுக்கும் பக்கம் கசிந்தால் வெளியே ஈரம் தெரியாது. பழைய டீசல் வண்டிகளில் மெக்கானிக்கை அதிகம் ஏமாற்றுவது இதுதான். தள்ளும் பக்கம் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வரும், நனையும், நாறும், யாரும் கண்டுபிடித்துவிடலாம். இழுக்கும் பக்கத்து ஹோஸில் மயிரிழை வெடிப்பு இருந்தால் டீசல் வெளியே வராது. காற்றுதான் உள்ளே போகும். கிணற்று மோட்டாரைப் பழகிய கொங்கு நாட்டு விவசாயிக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. ஃபுட் வால்வு பிடிக்காவிட்டாலோ சக்‌ஷன் பைப் ஜாயின்ட் காற்று வாங்கினாலோ தண்ணி ஏறாது என்றும், அதற்கு மோட்டாரைக் குறை சொல்லிப் பயனில்லை என்றும் அவருக்குத் தெரியும். பீளமேட்டில் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரமும் 1937-ல் மின்மோட்டார் செய்ததிலிருந்து பம்புசெட்டோடு வளர்ந்த மண் இது. வண்டிக்கு அடியில் இருப்பதும் அதே சங்கதிதான் என்று சொன்னால் வயதானவர்கள் உடனே தலையாட்டுவார்கள்.

ஒரு பழைய டீசல் ஏஸ் வந்திருந்தது. வேறெங்கோ பம்பைக் கழற்றி, கோயம்புத்தூர் பம்பு ரூமுக்கு அனுப்பி, எலிமெண்ட் மாற்றி, கேலிபரேஷன் செய்து மாட்டியாகிவிட்டது. நாசிலும் புதிது. ஆனாலும் ராத்திரி நின்றால் காலையில் செல்ப் அடித்து அடித்துப் பேட்டரி இறங்கும். வண்டிக்காரர் களைத்துப்போயிருந்தார். "இதுக்கு மேல செலவு பண்றதுக்கு என்கிட்ட ஒண்ணுமில்லீங்கண்ணா" என்றார்.

நான் பம்பைத் தொடவில்லை. பில்டருக்கும் பம்புக்கும் நடுவில் உள்ள ஹோஸைக் கழற்றி, அந்த இடத்தில் கண்ணாடி போலத் தெரிகிற டியூப் ஒரு துண்டை மாட்டினேன். லைனில் சிக்கிய காற்றை வெளியேற்றி, அதாவது ஏர் எடுத்து, ஸ்டார்ட் செய்ததும் டியூப்பில் டீசல் ஓடுவது தெரிந்தது. அதன் நடுவே கடுகளவு குமிழிகள் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தன. டியூப்பை ஒவ்வொரு ஜாயின்டாகப் பின்னால் கொண்டுபோனோம். பில்டருக்கு முன்னால் வைத்தபோதும் குமிழி வந்தது. டேங்குக்குப் பக்கத்தில் வைத்தபோது வரவில்லை. அப்படியானால் குற்றவாளி அந்த இரண்டுக்கும் நடுவில். சேசிஸ் ஓரமாக வருகிற இரும்புக் குழாயோடு ஹோஸ் சேர்கிற இடத்தில் கிளிப்பை நகர்த்தி ஹோஸை லேசாக வளைத்தேன். கிளிப்புக்கு அடியில், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், கிளிப்பின் பற்கள் ரப்பரை அறுத்திருந்தன. அறுத்த கோடு பாதி வட்டத்துக்குப் போயிருந்தது. சாண் நீள ஹோஸும் இரண்டு நல்ல கிளிப்பும் போட்டதோடு டியூப்பில் குமிழி நின்றது. பம்பு ரூமுக்குப் போன காசு அவருக்குத் திரும்பாது. இனி போகிற காசு நின்றது.

ஏர் எடுப்பதற்கும் ஒரு வரிசை உண்டு. டேங்க் பக்கமிருந்து எஞ்சின் பக்கமாகப் போக வேண்டும். கைப்பம்பை அடித்துக்கொண்டே பில்டரின் ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தினால் நுரையாக வரும். நுரை நின்று கனமான டீசலாக வழிந்ததும் கைப்பம்பை அமுக்கிய நிலையிலேயே ஸ்க்ரூவை முறுக்க வேண்டும். அடுத்தது பம்பின் ஏர் ஸ்க்ரூ. அதன் பிறகும் எடுக்காவிட்டால் நாசில் பைப் நட்டைத் தளர்த்தி செல்ப் அடிப்பது. இந்தக் கடைசி வழி பழைய மெக்கானிக்கல் பம்புக்கு மட்டும்தான். காமன் ரெயில் வண்டிகளில் பைப்புக்குள் 1000 பாருக்கு மேல் பிரஷர் நிற்கும். அங்கிருந்து பீய்ச்சுகிற டீசல் கண்ணுக்குத் தெரியாத ஊசியாகத் தோலைத் துளைத்து உள்ளே போகும். கையையே எடுக்க வேண்டிய நிலைக்குக் கொண்டுபோய்விடும். பழைய பழக்கத்தைப் புது எஞ்சினில் காட்டக் கூடாது என்பதைப் பையன்களுக்கு நான் முதலில் சொல்வேன்.

டேங்கைத் திறக்கும்போது

டேங்குக்குள் இருக்கும் பம்பை மாற்றும் வேலை, வண்டியை நிறுத்துகிற இடத்திலேயே தொடங்குகிறது. குழிக்கு மேல் நிறுத்தக் கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். குழியில் இறங்கித் தேங்கும். பெட்ரோலுக்கு நடுவில் கரண்ட்டில் ஓடுகிற மோட்டார் ஏன் தீப்பிடிப்பதில்லை என்று பையன்கள் கேட்பார்கள். ஆவி தீப்பிடிக்கக் காற்றில் ஏறத்தாழ 1.4 முதல் 7.6 சதவீதம் வரை கலந்திருக்க வேண்டும். மூடிய டேங்கில் ஆவி அதைவிட அதிகம், எரியக் காற்று போதாது. நாம் டேங்கைத் திறந்ததும் காற்று உள்ளே போய், ஆவி வெளியே வந்து, சரியாக அந்த அளவுக்குள் வந்துவிடுகிறது. ஆபத்து நாம் திறக்கிற அந்த நேரத்தில்தான்.

அதனால் முதலில் பம்பு பியூஸைப் பிடுங்கிவிட்டு எஞ்சினை ஓட விடுவேன். லைனில் இருக்கிற பெட்ரோல் தீர்ந்து தானாக நிற்கும், பிரஷர் இறங்கிவிடும். பிறகு பேட்டரி நெகட்டிவ் ஒயர். ஷெட்டில் வெல்டிங், கிரைண்டிங் எல்லாம் நிறுத்தம். வெளிச்சத்துக்கு மூடிய எல்.இ.டி. டார்ச் மட்டும், ஒயர் இழுத்த குண்டு பல்ப் அருகில் வரவே கூடாது. தீயணைக்கும் பவுடர் சிலிண்டரும் மணல் வாளியும் கை எட்டும் தூரத்தில்.

அடுத்தது சுத்தம். பம்பு மூடியைச் சுற்றிப் படிந்திருக்கிற புழுதியும் பஞ்சும், மூடியைத் தூக்கும் நொடியில் டேங்குக்குள் விழும். பிரஷ் போட்டு, காற்றடித்து, துடைத்து, உலோகம் பளிச்சென்று தெரிகிற வரை மூடியில் கை வைக்கக் கூடாது. துடைக்கிற துணியிலும் கவனம் வேண்டும். திருப்பூர் பனியன் வேஸ்ட் இல்லாத மெக்கானிக் ஷெட் தென்னாட்டில் இருக்காது. எங்களுக்கு அது பக்கத்து ஊர்ச் சரக்கு, எண்ணெயை அப்படிக் குடிக்கும். ஆனால் கட்டிங் வேஸ்டின் வெட்டிய ஓரத்திலிருந்து நூல் பிசிர் உதிர்ந்துகொண்டே இருக்கும். திறந்த டேங்குக்குப் பக்கத்தில் அந்தத் துணிக்கு வேலையில்லை. உதிர்கிற பிசிர் புதுப் பம்பின் ஜல்லடையைத்தான் போய் அடைக்கும். பிசிர் விடாத, ஓரம் மடித்துத் தைத்த, துவைத்த துணி ஒன்றை இதற்கென்றே தனியாக வைத்திருக்க வேண்டும். பெட்ரோலில் நனைந்த வேஸ்டை மூலையில் குவிக்கவும் கூடாது. பஞ்சு பறக்கிற ஊரில் தீக்கு ஏணி வைத்துக் கொடுக்கத் தேவையில்லை.

லாக் ரிங்கைப் பித்தளை ஆப்பு வைத்துத் தட்டித் திருப்ப வேண்டும். இரும்பில் இரும்பு அடித்தால் பொறி பறக்கும். பம்பு அசெம்பிளியைத் தூக்கும்போது மிதவைக் கம்பி வளையாமல் சாய்த்து எடுக்க வேண்டும். அது வளைந்தால் டேங்க் காலியான பிறகும் மீட்டர் பாதி காட்டும். வெளியே எடுத்த ஜல்லடையை வெள்ளைத் துணியில் கவிழ்த்துப் பார்ப்பது என் வழக்கம். செம்மண் நிறத்தில் துரு வந்தால் டேங்க் உள்ளே அரிக்கிறது. கறுப்புத் துணுக்கு வந்தால் ஹோஸ் கரைகிறது. தண்ணீர் முத்து முத்தாக நின்றால் பெட்ரோலில் தண்ணி. பழைய பம்பு ஏன் செத்தது என்பதற்கு அந்தத் துணி மேல் பதில் இருக்கும். டேங்கைக் கழுவாமல் புதுப் பம்பை அதே கசடுக்குள் இறக்குவது, வந்த நோயைப் புதுப் பம்புக்கும் கொடுப்பதுதான்.

ஹோஸும் கிளிப்பும்

இனி இணைப்பு. பெட்ரோல் போகிற ஹோஸ் எல்லாம் ஒன்றல்ல. கார்புரேட்டர் காலத்து ஹோஸுக்கு எஸ்.ஏ.இ. ஜே30 தரத்தில் ஆர்7 என்று போட்டிருக்கும். குறைந்த பிரஷருக்கு அது போதும். இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு ஆர்9 வேண்டும். டேங்குக்குள்ளேயே பெட்ரோலில் முழுகிக் கிடக்கிற துண்டுக்கு ஆர்9 போட்டாலும் தவறு. அதன் உள்தோல்தான் பெட்ரோலைத் தாங்கும். வெளித்தோல் ஊறி நொந்துவிடும். உள்ளேயும் வெளியேயும் தாங்குகிற ஆர்10 என்ற தனி ரகம் அதற்கு இருக்கிறது. பார்வைக்கு மூன்றும் ஒரே கறுப்பு ரப்பர். ஹோஸ் மேல் அச்சடித்திருக்கும் அந்தச் சின்ன எழுத்தைப் படித்து வாங்குவதே கடையில் செய்ய வேண்டிய முதல் வேலை. எழுத்தே இல்லாத ஹோஸ் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

ஹோஸைப் புது பிளேடால் நேர்குத்தாக வெட்ட வேண்டும். ரம்பத்தால் அறுத்தால் பொடி உள்ளே போகும். குழாயின் முனையில் உள்ள மேட்டைத் தாண்டி ஒரு அங்குலமாவது ஏற வேண்டும். ஏற மறுத்தால் ஒரு சொட்டு எஞ்சின் ஆயில் போதும், கிரீஸ் கூடாது. கிளிப் உட்கார வேண்டியது அந்த மேட்டுக்கு மேல் இல்லை. மேட்டுக்கும் ஹோஸின் முனைக்கும் நடுவில். மேட்டின் மேலேயே முறுக்கினால் ரப்பர் வெட்டுப்படும், முனையில் முறுக்கினால் நழுவும். பட்டையில் பல் வெட்டிய சாதாரணத் திருகு கிளிப்பின் பற்கள் ரப்பருக்குள் இறங்கும். குட்டியானையில் நான் பார்த்த அறுப்பு அதனால் வந்ததுதான். ஓரம் சுருட்டிய, வட்டமாக ஒரே சீராக இறுக்குகிற இன்ஜெக்‌ஷன் கிளிப் கொஞ்சம்தான் விலை கூட. அதையும் ரப்பர் பிதுங்குகிற அளவுக்கு முறுக்கக் கூடாது. அதிகமாக இறுக்கிய கிளிப் அன்றைக்குக் கசியாது, சில மாதம் கழித்துக் கசியும்.

பிளாஸ்டிக் லைன்களில் கிளிப் கிடையாது, குயிக் கனெக்டர். டிக் என்ற சத்தம் வருகிற வரை தள்ள வேண்டும். பிறகு பின்னோக்கி இழுத்துப் பார்க்க வேண்டும். சத்தம் கேட்டதை மட்டும் நம்பாதே, இழுத்துப் பார் என்று பையன்களிடம் சொல்வேன். பாதி ஏறிய கனெக்டர் சும்மா நிற்கும்போது கசியாது. 3 பார் பிரஷரும் ரோட்டுக் குலுக்கலும் சேரும்போது கழன்று எஞ்சின் மேல் பீய்ச்சும். பேஞ்சோ போல்ட் உள்ள இடங்களில் இரண்டு பக்கத்துக் காப்பர் வாஷரையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பம்பு மூடியின் ஓ ரிங் ஒருமுறை பெட்ரோலில் ஊறி வெளியே வந்தால் பெருத்துவிடும், பழைய பள்ளத்தில் திரும்ப உட்காராது. அதுவும் புதிதுதான் போட வேண்டும். போகும் லைனும் வரும் லைனும் இடம் மாறாமல் இருக்கக் கழற்றும் முன்பே பெயின்ட் பொட்டு வைத்துக்கொள்ள வேண்டும். ஹோஸ் போகிற வழி சைலன்ஸரைத் தொடாமல், சேசிஸ் விளிம்பில் உரசாமல், எஞ்சின் ஆடும்போது இழுபடாமல் இருக்கிறதா என்று கையை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

எல்லாம் மாட்டியதும் உடனே செல்ப் அடிப்பதில்லை. சாவியைப் போட்டு, பம்பு ஓடி நின்றதும் எடுத்து, திரும்பப் போட்டு, லைனில் பிரஷர் ஏற விட்டு, ஒவ்வொரு ஜாயின்டையும் காய்ந்த விரலால் தொட்டு முகர்ந்து பார்ப்பேன். பிறகுதான் ஸ்டார்ட். எஞ்சின் சூடேறியபின் மறுபடியும் அதே சுற்று. ரப்பரும் கிளிப்பும் சூட்டில் அசைந்து உட்காரும். குளிரில் காட்டாத கசிவைச் சூட்டில் காட்டும்.

எத்தனாலும் நின்றுபோன வண்டிகளும்

இப்போது பங்க்கில் வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். 2023 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளின் ரப்பரும் உலோகமும் அதைத் தாங்கும்படி செய்தவை. அதற்கு முன் வந்த வண்டிகளின் பழைய ஹோஸ் சில உப்பும், சில இறுகி வெடிக்கும். எத்தனால் டேங்கின் பழைய கசடையும் கரைத்துக்கொண்டு வரும், காற்றின் ஈரத்தையும் இழுக்கும். தண்ணீர் அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் போய் நிற்கும். ஜல்லடை இருப்பதும் அங்கேதான்.

ஓடிக்கொண்டே இருக்கிற வண்டியில் இது பெரிதாகத் தெரியாது. நின்றுவிட்ட வண்டியில் தெரியும். 2025 மார்ச்சில் கூலி உயர்வு கேட்டுக் கோவை, திருப்பூர் மாவட்ட விசைத்தறிகள் நின்றபோது, அவற்றை நம்பி ஓடிய வண்டிகளும் வாரக்கணக்கில் நின்றன. தறி ஓடத் தொடங்கிய பின், செல்ப் எடுக்காத, மிஸ்ஸிங் அடிக்கிற வண்டிகள் ஷெட்டுக்கு வந்தன. பெட்ரோல் வண்டிகளில் பல பம்புகள் நன்றாகவே இருந்தன. டேங்கை இறக்கி, அடியிலிருந்ததை வடித்து, ஜல்லடையும் பில்டரும் மாற்றி, வெடித்த ஹோஸை எடுத்துப் புதிது போட்டதும் ஓடின. கூலி இல்லாமல் வாரங்களைத் தள்ளியவர்களிடம் தேவையில்லாத பம்பு ஒன்றை விற்பது இந்தத் தொழிலுக்கு அடுக்காது.

பில்லில் தனி வரி

பம்பு மாற்ற வேண்டி வந்தால் நல்ல பம்பாகப் போடுங்கள். கம்பெனிப் பெட்டியில் போலி வருகிற காலம் இது. மூடியில் அச்சு, எடை, ஜல்லடையின் நெசவு மூன்றையும் பழையதோடு வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். கழற்றிய பழைய பம்பையும் ஹோஸையும் வண்டிக்காரரிடம் காட்டி, ஹோஸை அவர் கண் முன்னால் வளைத்து வெடிப்பைக் காட்டுங்கள். ஏன் செத்தது என்று தெரிந்துகொண்டு போகிறவர் அடுத்த முறை சீக்கிரமே வருவார். ரோட்டில் நின்றுபோய் வர மாட்டார்.

என் பில்லில் பம்புக்குக் கீழே ஹோஸ், கிளிப், ஓ ரிங், பில்டர் ஒவ்வொன்றும் தனித்தனி வரியாக இருக்கும். 'ஃபிட்டிங் சாமான்' என்று ஒரே வரியில் மூடுவது எனக்குப் பிடிக்காது. சில நூறு ரூபாய்ச் சாமான்தான் பல ஆயிரம் ரூபாய் பம்பைக் காப்பாற்றுகிறது என்பதை வண்டிக்காரர் எழுத்தில் பார்க்க வேண்டும். சில வருஷம் கழித்து அதே வண்டி வேறொரு ஊரில், வேறொரு மெக்கானிக் முன்னால் நிற்கும்போது, ஹோஸ் எப்போது மாற்றியது என்று அவர் கேட்டால் அந்தக் காகிதம் பதில் சொல்லும். கேட்காவிட்டால் வண்டிக்காரரே சொல்லட்டும்: "பம்பைக் கழட்டறதுக்கு முன்னால ஹோஸைக் கொஞ்சம் பாருங்கண்ணா." சோமனூரில் இப்போது அப்படிச் சொல்கிற டிரைவர்கள் இருக்கிறார்கள். இந்தத் தொழிலில் நான் சேர்த்த சம்பாத்தியத்தில் அதையும் ஒன்றாகக் கணக்கு வைத்திருக்கிறேன்.